இரண்டில் எதன் முன்னால்

என்னுடைய வரைபடம் திரையில் வந்ததும் கூட்ட அறையில் பேச்சு நின்றது. புதன்கிழமைக் கூட்டங்களில் அது அபூர்வம். யாராவது பிஸ்கட் உறையைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள், யாராவது மடிக்கணினியில் சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்று உறை பிரியும் சத்தம்கூட இல்லை. இத்தனைக்கும் திரையில் இருந்தது கண்ணைப் பறிக்கும் படமில்லை. வெள்ளைப் பின்னணியில் இடமிருந்து வலமாக வெறும் புள்ளிகள். ஒரு விண்மீனின் வெளிச்சம் ஒரே சீராக இருந்துவந்ததற்கு அவை சாட்சி. ஓரிடத்தில் மட்டும் அந்தப் புள்ளிகள் லேசாக இறங்கி, சற்று நேரம் அடியில் தங்கி, பிறகு ஏறிப் பழைய இடத்துக்கு வந்திருந்தன. அதை நாங்கள் பள்ளம் என்போம். விண்மீனுக்கும் நமக்கும் குறுக்கே ஏதாவது போனால் பள்ளம் விழும். என்னுடையது சுமார் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, அதே ஆழத்தில், அதே அகலத்தில் விழுந்திருந்தது.

“இதை ஒதுக்கின குவியல்ல இருந்தா எடுத்தீங்க?” என்று கேட்டார் டைரக்டர் அம்மா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.

“ஆமா மேடம். ஜோடி.”

ஜோடி என்று நாங்கள் சொல்வது இரட்டை விண்மீனை. ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு விண்மீன்கள் எங்கள் விண்வெளித் தொலைநோக்கியின் கண்ணுக்கு ஒரே புள்ளியாகத்தான் தெரியும். அவற்றில் தொல்லை அதிகம் என்பதால், ஜோடி என்று தெரிந்த கணமே ஒதுக்கிவிடுவது எங்கள் குழுவின் வழக்கம். பள்ளம் உண்மையாகவே இருந்தாலும் அதன் ஆழத்தை நம்ப முடியாது. ஒரு விண்மீனின் முன்னால் கோள் போகும்போது மற்றது தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். அதன் வெளிச்சமும் சேர்ந்துகொள்வதால் பள்ளம் ஆழம் குறைந்து தெரியும், கோளும் சிறுத்துத் தெரியும். கெட்டியாகப் போட்ட டீயில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, தூள் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டை பிடிப்பது போலத்தான். நான் துணை விண்மீனின் வெளிச்சத்தைக் கழித்துப் பார்த்திருந்தேன். கழிப்பதற்கு முன் சனிக்கோளைவிடச் சற்றே பெரியதாக இருந்தது, கழித்த பின் வியாழனையே மிஞ்சியது.

“ராட்சசன்தான்,” என்றார் தாடிக்காரர். என் பக்கத்து மேசைக்காரர். “குப்பைத்தொட்டியில குண்டுமணி இல்ல, குண்டுப் பூசணியே கிடந்திருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டர் அம்மா சிரிக்கவில்லை. அவருடைய பார்வை மேசையின் மறுமுனைக்குப் போனது. அங்கே என் கணவர், பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு, திரையையே பார்த்திருந்தார்.

“இதை யார் சோதிக்கிறது? சொந்தக்காரங்க சோதிக்கக் கூடாதுன்னு நாமதான் விதி போட்டிருக்கோம். ஆனா ஜோடியைச் சோதிக்க இவரை விட்டா இங்க யாரு இருக்கா?”

“வீட்டுச் சமையலுக்கு வீட்டுக்காரரே மார்க் போடறதா?” என்றார் தாடிக்காரர்.

“நான் பார்க்கிறதுன்னா கொஞ்சம் கடுமையாத்தான் இருக்கும்,” என்றார் என் கணவர்.

அதற்கும் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது.

எனக்கு அந்தப் பள்ளம் எதற்காக வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் அங்கே ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஆள். ஒவ்வொரு கோடை முடிவிலும் என் இருக்கை இருக்குமா இருக்காதா என்று தெரியாமல் மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்துவைப்பேன். அந்த ஆண்டு நிரந்தரப் பணியிடம் ஒன்று வந்திருந்தது. அதற்கு, கட்டுரையில் முதல் பெயராக நம் பெயர் வந்த ஒரு கண்டுபிடிப்பாவது இருக்க வேண்டும். எங்கள் குழுவில் பள்ளத்தை முதலில் குறித்துவைப்பவருக்குத்தான் முதல் பெயர். ஆனால் சோதிப்பவர் ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டால்தான் அது வெளியே போகும். தேர்வுக்குழு உட்காருவதற்குள் அந்தக் கையெழுத்து விழ வேண்டும். ஆக, என் பிழைப்பு ஒரு பேனாவின் மூடியில் வந்து நின்றிருந்தது. அந்தப் பேனா இரவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கும்.

என் கணவருக்கு அலுவலகத்தில் எமன் என்று பெயர். கோள் என்று நம்பிக் கொண்டுவருவதில் பெரும்பாலானவை கோளாக இருக்காது. கருவியின் கோளாறாக இருக்கும், அல்லது பின்னணியில் எங்கோ இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும் விளையாட்டாக இருக்கும். அவற்றைக் கொல்வதுதான் அவர் வேலை. கொன்றதை மின்னஞ்சலில் சொல்லமாட்டார். தானே அந்த ஆளின் மேசைக்குப் போவார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார், எங்கே தப்பியது என்று பொறுமையாக விளக்குவார், கடைசியில் தோளில் தட்டிவிட்டு வருவார். செத்தவனே நன்றி சொல்லி அனுப்பும் எமன் அவர். நானும் ஒருகாலத்தில் அப்படி நன்றி சொன்னவள்தான். என் முதல் கோளை அவர் கொன்ற விதத்தைப் பார்த்துத்தான், இவரைக் கட்டிக்கொண்டால் வாழ்க்கையில் அநியாயம் என்ற பேச்சுக்கே இடமிருக்காது என்று நினைத்தேன்.

முதல் சோதனையில் என் பள்ளம் தேறியது. அடுத்தடுத்த பள்ளங்கள் ஒன்றுக்கொன்று ஆழம் மாறவில்லை. மாறியிருந்தால் இரண்டு விண்மீன்களே மாறிமாறி மறைக்கின்றன என்று கதை முடிந்திருக்கும். இரண்டாவது கேள்விதான் முக்கியம், இரண்டில் எதன் முன்னால் போகிறது என்பது. பிரகாசமான விண்மீனின் முன்னால் போனால் அது கோள். மங்கலானதன் முன்னால் போனால், அதே பள்ளத்துக்கு இன்னும் பெரிய பொருள் தேவைப்படும். அப்போது அது கோளாகவே இருக்காது, ஒளி குன்றிய குட்டி விண்மீனாகிவிடும். தரையிலுள்ள பெரிய தொலைநோக்கியால் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. அது சரியான கேள்வி. வேறு யாருடைய ஜோடியாக இருந்தாலும் நானும் அதையே கேட்டிருப்பேன்.

முதல் முறை மேகம். மூன்று வாரம் போனது. அதற்கு அடுத்த முறை பள்ளம் விழுந்தபோது தொலைநோக்கி இருக்கும் இடத்தில் பகல். மறுபடி மூன்று வாரம். மூன்றாவது முறைதான் தரவு வந்தது. காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் தோள்பையைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே திறந்து பார்த்தேன். பிரகாசமான விண்மீனின் வெளிச்சம் நான் சொன்ன ஆழத்துக்கு இறங்கி ஏறியிருந்தது. மங்கலானது அசையவே இல்லை. தாடிக்காரர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, “அவ்வளவுதான் மேடம், ட்ரீட் எப்போ?” என்றார். அவருடைய கோள் ஒன்றும் ஜோடியில்தான் கிடைத்திருந்தது. போன மாதம்தான் என் கணவர் அதற்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அன்று முழுக்க என் கணவர் என் மேசைப் பக்கம் வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. மற்றவர்கள் பார்க்க நான் போய் நின்றால் அவருக்குப் பிடிக்காது. மாலையில் வீட்டில் அவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். அவர் துலக்கினால் ஒரு பிசுக்கு இருக்காது. ஒவ்வொரு தட்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் அடுக்குவார்.

“டேட்டா பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“பிரகாசமானதுதான் குறையுது.”

“குறையற மாதிரிதான் தெரியுது.”

“மாதிரியா?”

“காத்து இருந்திருக்கு. படம் லேசா பரவியிருக்கு. இன்னும் ஒரு தடவை பார்த்துடலாம்.”

“தாடியோடதுக்கு ஒரே தடவைதானே பார்த்தீங்க? அன்னிக்கும் காத்துதான். நீங்களே சாப்பிடும்போது சொன்னீங்க.”

அவர் ஒரு தட்டைச் சாய்த்துப் பார்த்தார். “அது வேற.”

“என்ன வேற?”

“அவன் எனக்கு யாரு? ஒருத்தனும் இல்ல. நீ என் பொண்டாட்டி. நாளைக்கு எவனும் ஒரு வார்த்தை சொல்லிடக்கூடாது. உன் நல்லதுக்குத்தான்மா சொல்றேன்.”

“இன்னும் ஒரு தடவைன்னா தேர்வுக்குழு முடிஞ்சுடும்.”

“கோள் எங்க ஓடிடப் போகுது?” என்றார். “அது பாட்டுக்கு அங்கேயே சுத்திக்கிட்டுத்தான் இருக்கும்.”

அந்தத் தட்டை என்னிடம் நீட்டினார். நான் துடைத்து வைத்தேன். வேறென்ன செய்ய முடியும்? அவர் பொய் சொல்லவில்லை. காற்று இருந்தது உண்மைதான். படம் பரவியிருந்ததும் உண்மைதான், யாருடையது என்று தெரியாவிட்டால் கண்ணில் படாத அளவுக்கு.

இது எனக்குப் புதிதில்லை. அவருடைய தங்கை படிப்புக்காக எங்களோடு வந்து தங்கியபோது, ஜன்னல் வைத்த அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு என் மேசையைச் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவிலிருந்த நடையில் போட்டார். “அவ வந்த பொண்ணு, முகம் வாடிடக்கூடாது. நீ நம்ம ஆளு, புரிஞ்சுக்குவே,” என்றார். நான் நம்ம ஆளு. நம்ம ஆளுக்குப் பசி கடைசியில்தான் எடுக்கும், உடம்பு சரியில்லாமல் போவதும் எல்லோருக்கும் சரியான பிறகுதான். தன் சொந்தக் கையிலிருந்து எடுத்துக் கொடுப்பதாகத்தான் அவர் நினைத்தார். அந்தக் கை என்னுடையது என்பது கடைசிவரை அவர் கணக்கில் வரவே இல்லை. தங்கை படிப்பு முடிந்து போனாள். மேசை நடையிலேயே இருக்கிறது. ஜன்னல் அறையில் இப்போது விருந்தாளிகளுக்கான கட்டில் கிடக்கிறது.

அம்மா தொலைபேசியில் கேட்டபோது நடந்ததைச் சொன்னேன்.

“மாப்பிள்ளை தங்கம்டி,” என்றாள் அம்மா. “கட்டின பொண்டாட்டிக்கே சலுகை காட்டமாட்டேங்கறார்னா எப்பேர்ப்பட்ட மனுஷன்!”

“எனக்குச் சலுகை வேண்டாம்மா. ஊருக்குக் குடுக்கிறதை எனக்கும் குடுத்தா போதும்.”

“அப்படியெல்லாம் அளந்து பார்த்தா குடும்பம் நடத்த முடியுமாடி? அப்பா எனக்கு என்னத்தைக் குடுத்தார்?”

 கேட்டுவிட்டு அவளே உடனே, அங்கே மழை பெய்கிறதா என்று பேச்சை மாற்றினாள்.

ஒரு நாள் துணிந்து டைரக்டர் அம்மாவின் அறைக்கே போனேன். கையில் இரண்டு படங்கள், தாடிக்காரருடைய கோளின் சோதனைப் படம் ஒன்று, என்னுடையது ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எது அதிகம் பரவியிருக்கிறது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும், தாடிக்காரருடையதுதான். டைரக்டர் அம்மா இரண்டையும் வெகுநேரம் பார்த்தார். அவர் முட்டாளில்லை, அவருக்குப் புரிந்தது. புரிந்த பிறகுதான் கண்ணாடியை எடுத்து நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

“நான் என்னம்மா செய்ய? நானே கையெழுத்துப் போட்டா, வீட்டுக்காரர் மறுத்ததை மேல போய் வாங்கினாங்கன்னு பேசுவாங்க. அது உங்களுக்கு நல்லதா? அவர்கிட்டயே பேசிப் பாருங்களேன். ஒரே வீட்லதானே இருக்கீங்க.”

ஒரே வீட்டில்தான் இருந்தோம். பேசியும் பார்த்தேன். “மேடம்கிட்ட போனியா?” என்று மட்டும் கேட்டார். குரலில் கோபமில்லை, காயம்தான் இருந்தது. அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த நாள் சமாதானம் சொன்னதும் நான்தான்.

நான்காவது முறைக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. அன்று காலை தாடிக்காரர் தேநீர்க் கோப்பையோடு என் மேசையருகே வந்து நின்றார். வழக்கமாக மேசை விளிம்பில் ஏறி உட்காருகிறவர் அன்று உட்காரவில்லை.

“பார்த்தீங்களா?”

“எதை?”

“இன்னும் பார்க்கலையா?” அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டார். “இன்னிக்கு வெளியான கட்டுரைகளைப் பாருங்க மேடம். நான் சொல்லமாட்டேன்.”

பார்த்தேன். எங்களுக்குத் தெரியாத ஒரு குழு, எங்களுக்குத் தெரிந்த அதே விண்மீன் ஜோடி. துணையின் வெளிச்சத்தைக் கழித்திருந்தார்கள். பிரகாசமானதன் முன்னால்தான் போகிறது என்று காட்டியிருந்தார்கள். ஒரே ஒரு இரவின் தரவு. படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில், லேசான காற்றால் படம் சற்றுப் பரவியிருப்பதாகவும் அதனால் முடிவு மாறாது என்றும் எழுதியிருந்தது. அந்த ஒரு வரியை நான் பலமுறை படித்தேன். கோளின் அளவைப் படிக்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

அந்தப் புதன்கிழமைக் கூட்டத்தில் டைரக்டர் அம்மா எழுந்து நின்று பேசினார். அவர் எழுந்து நின்று பேசுவது யாராவது ஓய்வு பெறும்போது மட்டும்தான்.

“நமக்கு வருத்தம்தான். அவங்க முந்திக்கிட்டாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், சொந்த வீட்டு விஷயத்துலகூட ஒரு இம்மி வளையாத ஆள் நம்ம குழுவுல இருக்கார். நாம இனிமே எதை அறிவிச்சாலும் உலகம் நம்பும்.”

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். காது மடல் சிவந்திருந்தது. பாராட்டினால் அவருக்கு அப்படித்தான் ஆகும். கூட்டம் முடிந்ததும் இரண்டு பேர் வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். ஒருவர் என்னிடமும் வந்து, “கொடுத்து வச்சவங்க நீங்க,” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. கேலியாக இருந்திருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

நிரந்தரப் பணியிடம் தாடிக்காரருக்குப் போனது. அவர் என்னைப் பார்க்க வரவில்லை, ட்ரீட் பற்றிய பேச்சையும் யாரிடமும் எடுக்கவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதைதான். டைரக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, ஒரு வழி இருக்கிறது என்றார். சோதனைப் பிரிவில் ஓர் உதவியாளர் இடம், வருடா வருடம் புதுப்பிக்கலாம். “ஜோடி நட்சத்திரம் உங்களைவிட யாருக்குத் தெரியும்? உங்க வீட்டுக்காரரே உங்களைக் கேட்டார். வேற யாருக்கும் இப்படி அவர் கேட்டதில்லை.” யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். என் மேசை இழுப்பறையைத் திறந்தேன். அதில் சுத்தம் செய்ய ஒன்றுமில்லை.

அன்று மாலை தூறல் பிடித்துக்கொண்டது. மேகம் கறுத்துக் கிடந்ததால் எல்லா வண்டிகளும் நேரத்தோடு விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன.  காரில் சற்றுத் தூரம் போனதும் அவர் ஆரம்பித்தார்.

“அவங்க அளவையும் உன் அளவையும் வச்சுப் பார்த்தேன். அச்சு அசல். தசமத்துலகூட வித்தியாசம் இல்ல.”

நான் கண்ணாடியில் ஓடும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எனக்கு ஆச்சரியமே இல்ல. முதல் நாள் திரையில போட்டப்பவே தெரிஞ்சுடுச்சு, கோள்தான்னு.”

“தெரிஞ்சுடுச்சா?”

“பின்ன? உன் கணக்கைப் பத்தி எனக்குத் தெரியாதா?” பெருமையாகத்தான் சொன்னார். என்னைப் பற்றிய பெருமை. ஒரு கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து என் கைமேல் வைத்தார். “எனக்குத் தெரிஞ்சா போதுமா? நாலு பேருக்கு முன்னாடி நிக்கணும்ல?”

நாலு பேரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள், தெருவெல்லாம். சிக்னல் இல்லாத நாற்சந்தியில் கார் நின்றது. அவர் கையை என்மேலிருந்து எடுத்து, குறுக்கே வந்த ஸ்கூட்டரைப் போகச் சொல்லி அசைத்தார். அதன் பின்னால் ஒரு லாரி. அதையும் போகச் சொன்னார். பிறகு குடைக்குள் ஒட்டிக்கொண்டு நடந்த இரண்டு பெண்கள், பிறகு ஒரு சைக்கிள். ஒவ்வொருவரும் தலையசைத்து நன்றி சொல்லிப் போனார்கள். ஒவ்வொரு நன்றிக்கும் அவர் சிரித்தார். எங்களுக்குப் பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கியிருந்தன.

“போகட்டும்,” என்றார் என்னிடம். “பாவம், மழையில போறாங்க.”

நான் சீட் பெல்ட்டைக் கழற்றினேன்.

“என்ன?”

“இறங்கிக்கறேன்.”

“மழை பெய்யுது. எங்க போறே?”

கதவைச் சாத்தினேன். தூறல் நினைத்ததைவிடக் குளிர்ந்திருந்தது. எதிரே பூட்டிக் கிடந்த கடையொன்றின் ஷட்டரில் எங்கள் காரின் விளக்குகள் இரண்டும் கலந்து ஒரே வெள்ளையாக விழுந்திருந்தன. சாலையைக் கடக்கக் காரின் முன்னால்தான் போக வேண்டியிருந்தது. நான் முதல் விளக்கைத் தாண்டினேன். ஷட்டரில் வெளிச்சம் லேசாகக் குறைந்து, திரும்பவும் நிறைந்தது. அங்கே நின்று திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியில் துடைப்பான் போய்வரும்போதெல்லாம் அவர் முகம் தெளிந்து தெளிந்து மங்கியது. பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு வேன் என்னை நோக்கித் திரும்பியது. அவர் ஜன்னல் வழியே கையை நீட்டி அதை நிறுத்தினார். பிறகு அதே கையை என் பக்கம் திருப்பி, முன்பின் தெரியாதவர்களுக்குக் காட்டுவதுபோலவே அசைத்தார், முதலில் போகும்படி. பின்னால் ஹாரன்கள் விடாமல் அலறின. வேன்காரர் காத்திருந்தார். நான் இரண்டு விளக்குகளுக்கும் நடுவில், நனைந்துகொண்டு நின்றேன்.